சைரன் அடித்தபோது நான் எந்தக் கம்பெனி?

கூட்டு வேலைக்கான விதிமுறைகளைப் பத்துப் பக்கத்துக்கு எழுதியவன் நான்தான். அவற்றை முதலில் மீறியவனும் நானேதான்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியும் பக்கத்துக் கம்பெனியும் பல வருஷப் பகையாளிகள். ஒரு பெரிய கார் கம்பெனி ஆர்டருக்காக ஆறு மாதம் மட்டும் கூட்டுச் சேர்ந்தார்கள். நடுவிலிருந்த காம்பவுண்டு சுவரை இடித்து வழி விட்டார்கள். எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு பேருக்கு அந்தப் பக்கத்து ஷெட்டில் வேலை. இரு தரப்பையும் இணைக்கும் பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன எனக்கு. (கையைத் தூக்கிக் கேட்டு வாங்கினேன். வேகம் அப்படி.)

"கார் கம்பெனிக்காரங்க வந்து பண்ற ஆடிட் ஊத்திக்கிச்சுன்னா ஆர்டர் போச்சு. உன் வேலையும்தான்" என்றார் எங்கள் முதலாளி.

ஆடிட் அன்று மதியம்வரை ஒரு குறையும் இல்லை. பிறகு கார் கம்பெனி அதிகாரி கேட்டார்: "தீ விபத்து ஒத்திகை ஒண்ணு பாத்துடலாமா?"

பக்கத்துக் கம்பெனி மேனேஜர் மேரி மேடம் என்னைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தினேன். சைரன் அடித்தால் எல்லோரும் பக்கத்துக் கம்பெனிக் கொடிக்கம்பத்தடியில் கூட வேண்டும்; நான் தலை எண்ண வேண்டும். நான் எழுதிய விதிதானே!

சைரன் அடித்தது.

ஓடினேன். சுவர் இடித்த வழியில் புகுந்து, எங்கள் கம்பெனி வேப்பமரத்தடியில் போய்த்தான் மூச்சு விட்டேன். மாதாமாதம் ஒத்திகைக்கு அங்கே ஓடிப் பழகிய கால்கள். திரும்பினால், இருபத்திரண்டு பேரும் என் பின்னால்!

"இன்னா சார், நாம அந்தாண்டதானே நிக்கணும்?" என்றார் ஆபரேட்டர் தேவராஜ் அண்ணன்.

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"நீ முன்னால ஓடிக்கினு கீறே. இஞ்சினீரு, தெரியாமலா ஓடுவாருன்னு..."

சுவருக்கு அந்தப் பக்கம் அதிகாரியின் குரல்: "இருபத்து மூணு பேர் தீயில மாட்டிக்கிட்டாங்கன்னு எழுதிக்கட்டுமா மேடம்?"

மேரி மேடத்தின் தலை இடைவெளியில் தெரிந்தது. "தம்பி, உயிரோடதான் இருக்கியா? இங்க வா, நான் முடிச்சு வைக்கிறேன்."

ஆர்டர் தொங்கலில் நின்றது. ஒரு வாரத்தில் மறு ஒத்திகை. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடி சைரன் அடித்தபோது, மேரி மேடம் என் ஐடி கார்டு கயிற்றைப் பிடித்து, கன்றுக்குட்டிபோல் கொடிக்கம்பத்துக்கு இழுத்துப் போனார். எண்ணிக்கை சரி. ஆர்டர் வந்தது.

வேலை தப்பியது, மானம் தப்பவில்லை. இப்போது வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஜாதகம் வரும்போதும் அக்கா ஆரம்பித்துவிடுகிறாள்:

"பொண்ணு வூட்டுல முன்னாடியே சொல்லிடும்மா. தனிக்குடித்தனம் வெச்சாலும், அங்க குக்கர் விசில் அடிச்சா இவன் நம்ம வூட்டுக்குத்தான் ஓடியாருவான்!"