மாமா, சுவிட்சைத் தொடாதீர்கள்

ஜூன் 9, ஞாயிறு, இரவு 9.40. அணைக்கப்பட்ட சுவிட்சுகள்: பதினொன்று.

என் மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள். இன்று உங்களைப் பார்த்தவர்கள்தான் நலமாக இல்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். என் கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. காரணம் நீங்கள்.

முப்பது வருடத்துக்கு முன் ஒரே படத்தில், முகமூடி மாட்டிக்கொண்டு, ஒன்பது பேரைக் கொன்றீர்கள். உங்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லையே என்ற தைரியத்தில் பெண் வீட்டில் "மாமா ரிட்டயர்டு" என்று மட்டும் சொல்லிவைத்தேன். ஆனால் அந்தப் படத்தில் கொலைகாரன் வந்ததும் கத்தியை எடுக்கமாட்டான். அறை அறையாகப் போய் லைட்டை அணைப்பான். ஒத்திகையில் கரண்டு வீணாகிறதே என்று நீங்களாக அணைத்தீர்கள், இயக்குநருக்குப் பிடித்துப்போய்விட்டது. அத்தை இன்றைக்கும் சொல்வார்கள்: "உங்க மாமா எங்கடா நடிச்சாரு? வீட்ல இருக்கிற மாதிரிதானே இருந்தாரு!"

இன்று பெண்ணின் வீட்டிலும் அப்படியேதான் இருந்தீர்கள். செருப்பைக் கழற்றியதும் வாசல் லைட்டு போனது, பிறகு நடை, பிறகு யாருமே இல்லாத படுக்கையறை, அங்கே ஓடிய ஃபேன், நான் "மாமா, உட்காருங்க, மாமா" என்று பின்னாலேயே வர வர நீங்கள் முன்னாலேயே போக, டீ கொண்டுவந்த அவள் அம்மா இருட்டில் அப்படியே நின்றுவிட, கடைசியில் குளியலறை சுவிட்சையும் தட்டினீர்கள். உள்ளே அவள் அப்பா முகம் முழுக்க சோப்போடு இருந்தார். அதோடு விட்டீர்களா? படத்தில் ஒன்பது தடவை சொன்ன அதே வசனம், அதே குரல்: "ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குங்க லைட்டு?" மனிதர் பின்கதவைத் திறந்து துண்டோடு தெருவில் ஓடினார்.

நான் மின்பொறியாளன், சொல்கிறேன். அவையெல்லாம் ஒன்பது வாட் பல்பு. நீங்கள் மிச்சம் பிடித்த கரண்டில் ஒரு டீ கூடப் போட முடியாது.

அவள் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, உங்க மேல ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த ஆளு கல்யாணத்துக்கு வரக் கூடாது." நானும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: "மாமா இல்லாம கல்யாணம் இல்ல." அப்பா போனபின் என் ஃபீஸைக் கட்டியது நீங்கள். முன்வரிசையில் உட்கார வேண்டியதும் நீங்கள்தான். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம். உங்கள் இரண்டு கையிலும் பழக்கூடை இருக்கும். திரும்பும்வரை கீழே வைக்கக் கூடாது. சுவரோரம் நடக்கக் கூடாது. வீடே பற்றி எரிவதுபோல் லைட்டு எரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. மன்னிப்பை நான் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கு, கோபம் குறையாமலே, என் வணக்கம்.

உங்கள் மருமகன்

பி.கு.: கவரை ஒட்டும்போது அவள் போன் செய்தாள். துண்டோடு ஓடியது ஏன் என்று தெருவே கேட்க, அந்தப் படத்துக் கொலைகாரனே வீட்டுக்கு வந்த உண்மையை அவள் அப்பா சொல்லியிருக்கிறார். இப்போது வாசலில் கூட்டமாம். "ஒன்பது பேர்ல ஒருத்தன் தப்பிச்சானா? நான் தப்பிச்சேன்ல!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கடைசியில் போனைப் பிடுங்கி என்னிடமே சொன்னார்: "உங்க மாமா வரலன்னா கல்யாணமே கிடையாது மாப்ள. முகமூடியோட வரச் சொல்லுங்க." ஆகவே:

1. மேலே போட்ட நிபந்தனைகள் அத்தனையும் ரத்து. பழக்கூடையை நானே தூக்குவேன்.
2. இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும் அவள் அம்மாவிடம் நாளைக்கே அத்தையை அழைத்துப் போவேன்; உங்களோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவர் சொன்னால் நம்புவார்.
3. முகமூடி கிடையாது என்று மாமனாரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். போட்டோவில் என் பக்கத்தில் நிற்கப்போவது என் மாமா. அவர் முகம் தெரிய வேண்டும்.