சித்தரமுதில் வெந்தயம்

கிணத்துக்கடவில் முன்பெல்லாம் பஸ் ஓரிடத்தில்தான் நிற்கும். 1937-ஆம் வருஷம் தை பிறந்ததிலிருந்து இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தது. ஒன்று ஊருக்கு. மற்றொன்று, ஊருக்கு வடக்கே தென்னந்தோப்பில் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்த ஆதியன்ன சுவாமிகளுக்கு. ஊரில் நாலு பேர் இறங்கினால் சாமியார் ஸ்டாப்பில் நாற்பது பேர் இறங்கினார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சுவாமிகள் கொடுத்தது திருநீறு அல்ல, தாயத்து அல்ல. மாவு. அதன் பெயர் சித்தரமுது.

"நம் முன்னோர் எதைத் தின்று நூற்றிருபது வயது வாழ்ந்தார்கள்?" என்று கேட்பார் சுவாமிகள். கூட்டம் வாயைப் பிளக்கும். தன் பாட்டன் நாற்பத்தைந்தில் செத்தது ஒருவருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. வெள்ளிங்கிரி மலையில் ஒரு குகை இருக்கிறதாம். பிரளயத்துக்கு முன்னால் ஒரு சித்தர் அங்கே ஒரு தானியத்தை விதைத்தாராம். வெயில் படாமல், மனிதக் கை படாமல் அது இன்றைக்கும் விளைகிறதாம். அறுவடை குரங்குகள் பொறுப்பு. அரைப்பது யார், பொட்டலம் கட்டுவது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. சித்தரமுது பலிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு: இங்கிலீஷ் மருந்து தொடக்கூடாது, சந்தேகம் வரக்கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனை இருக்கிறதே, அது இல்லாவிட்டால் நம் நாட்டில் பாதி அற்புதங்கள் மறுநாளே படுத்துவிடும்.

பலன்களைக் கேட்டால் தலை சுற்றும். மூட்டுவலி போயிற்று. மலடி கருத்தரித்தாள். ஒருவருக்குக் கோர்ட்டில் கேஸ் ஜெயித்தது. பெரிய பண்ணை அழகிரிசாமியின் காளைக்கு நொண்டல் நின்றது. மாவைத் தின்றது காளை அல்ல, அழகிரிசாமி. நானும் இரண்டு பொட்டலம் வாங்கினேன். எனக்கு வழுக்கை. பொய் சொல்வானேன், மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று தடவிப் பார்த்தேன்.

விலை கிடையாது. காணிக்கைதான். அது விலையைவிட அதிகம் என்பது வேறு விஷயம்.

இந்த ஊரில் பூவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். செவ்வாய்ச் சந்தையில் இருபது வருஷமாகத் தானியம் விற்கிறவள். கம்பு, சோளம், ராகி, கொள்ளு. அதிலும் கம்பு அந்தக் காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. நாலு காசு சேர்ந்த வீடுகள் எல்லாம் நெல்லுச்சோற்றுக்கு மாறிவிட்டன. "கம்பஞ்சோறு திங்கற ஊட்டுல பொண்ணக் குடுக்கறதா?" என்று சம்பந்தத்தையே முறித்தவர்கள் உண்டு. பண்ணையில் விளையும் கம்பு பண்ணையாளுக்குக் கூழாகவும் காளைக்குத் தீனியாகவும் போகும். மிச்சத்தைக் கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளுவார்கள்.

அப்படிப்பட்ட கம்பை மூன்று மாதமாக ஒருவன் பூவாத்தாளிடம் வண்டி கட்டி வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போனான். அதுகூட அவளுக்கு வியப்பில்லை. அவன் பேரம் பேசவில்லை. கிணத்துக்கடவுச் சந்தையில் பேரம் பேசாமல் கம்பு வாங்குகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்கவேண்டும், அல்லது அதைப் பத்து மடங்குக்கு விற்கிறவனாக இருக்கவேண்டும். ஆளைப் பார்த்தால் பைத்தியமாகத் தெரியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

யோசிக்க வைத்தது அவள் தம்பி செங்கோடனின் காய்ச்சல்.

செங்கோடன் வால்பாறையில் தேயிலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய், முறைக்காய்ச்சலோடு திரும்பி வந்திருந்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து உடம்பைத் தூக்கிப் போடும். நாலு கம்பளி போர்த்தினாலும் பல் கிட்டும். அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து சிரிப்பான். தபாலாபீஸில் விற்கிற கொயினா என்கிற காய்ச்சல் மருந்துப் பொட்டலத்தை வாங்கி, எப்படிக் கொடுக்கவேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வந்து அவன் மனைவி சென்னியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனாள் பூவாத்தாள். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் செங்கோடன் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தான். கண் மஞ்சள். கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவே அவனுக்கு நேரமாயிற்று.

"மருந்து குடுத்தயா அம்மணி?"

சென்னியம்மாள் நாத்தனார் முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்க நங்கையா. சாமிங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க. மருந்தும் அமுதும் ஒண்ணாச் சேந்தா ரத்தம் முறிஞ்சு போகுமாமுங்க. அதான் சாக்கடையில கொட்டிப்போட்டனுங்க."

பூவாத்தாள் கத்தவில்லை. அடுப்பங்கரையில் இருந்த சித்தரமுதுப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு சிட்டிகை எடுத்து மோந்தாள். நாக்கில் வைத்தாள். கொஞ்சம் சுக்கு, கொஞ்சம் வெல்லம். மற்றதெல்லாம் அவளுக்கு இருபது வருஷப் பழக்கம்.

"இது கம்பு மாவு."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. சந்தேகப்பட்டாப் பலிக்காதுங்க."

"என்ர சந்தேகம் என்னோட. அவன் ஒடம்பு அவனோட. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஊட்டுல ஒருத்தரு சந்தேகப்பட்டாலும் போதுமாமுங்க" என்று அழ ஆரம்பித்தாள் சென்னியம்மாள். அவள் கெட்டவளில்லை. புருஷன் பிழைக்கவேண்டும் என்றுதான் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் காணிக்கை வைத்தாள். பயந்தவளிடம் போய் நியாயம் பேசினால் அது காதில் ஏறாது. பூவாத்தாள் அன்றைக்கே இன்னொரு பொட்டலம் கொயினா வாங்கி வந்து நீட்டினாள். கட்டிலில் கிடந்தபடியே செங்கோடன் வாயை இறுக மூடிக்கொண்டான். அவனும் பயந்திருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பேரம் பேசாத மனுஷன் வந்தான். பூவாத்தாள் கம்பு மூட்டைகளைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். வண்டி கிளம்பிச் சற்று நேரம் கழித்து, அது போன வழியில் பஸ் ஏறினாள். வெள்ளிங்கிரி மேற்கே இருக்கிறது. வண்டி நேர் வடக்கே ஒத்தக்கால்மண்டபத்துக்குப் போயிற்று. பைக்காரா கரண்டு வந்த பிறகு அங்கே ரசாக் என்பவர் ஒரு மாவு மில் வைத்திருந்தார். மூட்டைகள் அங்கே இறங்கின. இறக்கிவிட்டு அந்தப் பேரம் பேசாத ஆள் டீ குடிக்கப் போனதும் பூவாத்தாள் உள்ளே போனாள்.

"ஏனுங்க பாய், இந்தக் கம்பு எதுக்குன்னு சொன்னாங்க?"

"மாட்டுத் தீவனத்துக்குன்னு சொன்னாங்க, அம்மா" என்றார் ரசாக்.

சுவாமிகள் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை இதுதான் என்பது என் கட்சி.

பூவாத்தாள் ரசாக்கிடம் தம்பியின் நிலையையும் அந்த மாவு எங்கே போகிறது என்பதையும் சொன்னாள். ரசாக் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நான் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் கொட்டகைக்கு வந்தர்றேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் எள் போட இடமில்லை. அன்றைக்குப் பெரிய அண்டாவில் சித்தரமுதைக் கரைத்து எல்லாருக்கும் ஊற்றுவார்கள். முன்வரிசையில் பெரிய பண்ணை அழகிரிசாமி ஜரிகைத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடைய பண்ணையாட்கள் நின்றார்கள். பத்தடி தள்ளி, வெயிலில். சென்னியம்மாள் செம்போடு வந்திருந்தாள். செங்கோடனுக்கு அன்று காய்ச்சல் முறை.

சுவாமிகள் முன்னோர் பெருமையைப் பேசி முடித்துக் கண்ணைத் திறந்தபோது பூவாத்தாள் எழுந்து நின்றாள்.

"சாமி, ஒரு சங்கதி கேக்கோணுமுங்க. இன்னிக்கு அமுது எப்படி இருக்குமுங்க?"

"எப்போதும்போல் தேனாக இனிக்கும், தாயே."

"இன்னிக்குக் கசக்குமுங்க. வெந்தயம் மணக்குமுங்க."

கூட்டம் முணுமுணுத்தது. சுவாமிகள் புன்னகை செய்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது நியாயம்தான். வாய் நிறையப் புகையிலை. சந்தையில் பேரம் பேசாமல் கம்பு வாங்கி, மாவு மூட்டை தூக்கி வரும் சிஷ்யரோ மூக்குப்பொடி ஆசாமி. இருவருக்கும் மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. அதுமட்டுமல்ல, சித்தரமுதைச் சுவாமிகள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. அவருக்குக் காலையில் ஹோட்டல் இட்லியும் மத்தியானம் நெய்விட்ட அரிசிச் சோறும்தான் ஒத்துக்கொள்ளும்.

"ஊற்றுங்கள்" என்றார் சுவாமிகள்.

ஊற்றினார்கள். எல்லாரும் பக்தியோடு ஒரு வாய் குடித்தோம். நானும் குடித்தேன். ஐயா, என் காதுவரைக்கும் கசந்தது. நூறு பேர் முகம் ஒரே நேரத்தில் கோணியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சுவாமிகள் லேசுப்பட்டவர் அல்ல. முகங்களைப் பார்த்த மாத்திரத்தில் கையை உயர்த்தினார். "சித்தர் சோதிக்கிறார். பாவம் செய்தவன் நாக்குக்கு மட்டும் அமுது கசக்கும்."

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கோணிய முகமெல்லாம் நேராயின. அழகிரிசாமி இன்னொரு வாய் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் தளும்ப, "சர்க்கரையாட்ட இருக்குது" என்றார். அவர் சொன்ன பிறகு எல்லாருக்கும் சர்க்கரையாக இருந்தது. எனக்கும் இருந்தது என்று தலையாட்டினேன். வெட்கக்கேடுதான், என்ன செய்வது.

"செரிங்க" என்றாள் பூவாத்தாள். "போன வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்லாருக்கும் இனிச்சுது. அப்ப இந்த ஒரு வாரத்துக்குள்ள இத்தன சனமும் பாவஞ் செஞ்சுபோட்டுதுங்களா? நடவு நேரத்துல அதுக்கேது பொழுது?"

பின்னால் பண்ணையாட்கள் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது கெடக்கட்டும். நாங்க பாவிங்க. சாமிங்க பாவமே இல்லாதவரு. உங்குளுக்கு இனிக்குமல்லங்க? எங்க கண்ணு முன்னால ஒரு செம்பு குடிச்சுக் காட்டுங்க. போதும். நான் உங்க கால்ல உழுந்து எந்திரிக்கறேன்."

சென்னியம்மாளின் கையிலிருந்த செம்பை வாங்கி, அண்டாவில் முக்கி, நிறைய எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கூட்டம் கழுத்தை நீட்டியது. சுவாமிகளுக்கு வேறு வழியில்லை. புகையிலையைத் துப்பிவிட்டுச் செம்பைத் தூக்கினார். முதல் மடக்கில் புன்னகை இருந்தது. இரண்டாவது மடக்கில் புன்னகை போயிற்று. மூன்றாவது மடக்கு உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்து அழகிரிசாமியின் ஜரிகைத் தலைப்பாகையில் விழுந்தது.

"தூ! எவன்டா இதுல வெந்தயத்தக் கொட்டினது?" என்றார் சுவாமிகள். செந்தமிழ் போய் மதுக்கரைத் தமிழ் வந்துவிட்டது.

"நான்தானுங்க" என்றாள் பூவாத்தாள். "செவ்வாக்கெழம சந்தையில. மூட்டைக்கு ரெண்டு வள்ளம் அளந்தெடுத்தனுங்க. கை நெறைய அள்ளிப் போட்டு நானே கலக்கினனுங்க. மனுசக் கை படாத தானியத்துல என்ர கை எப்படிங்க பட்டுது?"

ரசாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அரைச்சது நான். மாட்டுத் தீவனம்னு சொல்லி மூணு மாசமா அரைச்சுட்டுப் போறாங்க. நான் பாத்த வரைக்கும் மூட்டையோட ஒரு குரங்கும் வரலீங்க."

அப்புறம் பின்னால் நின்ற பண்ணையாட்களில் ஒருவர், சுப்பன் என்று பெயர், நிதானமாகச் சொன்னார்: "கம்பங்கூழு குடிச்சா நூத்திருவது வயசுங்களா? பொறந்ததுலருந்து நாங்க வேறெதுவும் குடிச்சதில்லீங்க. எங்கப்பன் அம்பதுலயே போயிட்டானுங்க. நாங்க குடிக்கறப்ப கூழு, நீங்க குடிக்கறப்ப அமுதுங்களா?"

முன்வரிசையில் இருந்தவர்கள் கையிலிருந்த அமுதைக் கீழே ஊற்றினார்கள்.

கூட்டம் கலவரமானதும், சுவாமிகள் காவியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தோப்பு வழியாக ஓடியதும், மதுக்கரையில் சிமெண்டு மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த பாலுசாமிதான் அவர் என்று பிறகு தெரிந்ததும் நீங்களே ஊகிக்கக்கூடிய விஷயங்கள். நான் பார்த்தது வேறு. எல்லாரும் சுவாமிகளைத் துரத்தி ஓடினார்கள். ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம், ஊரைப் பார்த்து ஓடினாள். சென்னியம்மாள். செம்பைக்கூட எடுக்கவில்லை.

பூவாத்தாள் பின்னாலேயே போனாள். செங்கோடன் குளிரில் வெட்டிக்கொண்டு கிடந்தான். சென்னியம்மாள் அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "வாயத் தொறங்க மாமா. அது வெறுங் கம்புங்க. நம்ம நங்கையா விக்கற கம்புங்க" என்று அழுதுகொண்டே கொயினாவைக் கொடுத்தாள். அன்று அவன் வாயைத் திறந்தான். காய்ச்சல் விட ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இன்னும் நாலு நாள் தள்ளியிருந்தால் இந்தக் கதையை இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

காய்ச்சல் விட்ட பிறகு அவன் உடம்பைத் தேற்றியது எது தெரியுமா? கம்பங்களிதான். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு தினம் இரண்டு வேளை குடித்தான். கம்பு நல்ல சாப்பாடு. பூவாத்தாளைக் கேட்டால் அவளும் அதைத்தான் சொல்வாள். "பசிக்குக் கம்பு குடுங்க. காய்ச்சலுக்குக் கம்பு குடுக்காதீங்க" என்பாள்.

ஒரு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, பெரிய பண்ணை அழகிரிசாமியே சந்தைக்கு வந்துவிட்டார். தலைப்பாகை சலவை ஆகியிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா பூவாத்தா, அந்த ஆளு மோசக்காரந்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த மாவக் குடிச்சப்ப எனக்கு ஒடம்பு தெம்பாத்தான் இருந்துச்சு. அந்தக் குகைக் கம்பு மிச்சம் ஏதாச்சும் வெச்சிருக்கறயா?"

பூவாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த மூட்டையைத் தட்டினாள்.

"இருக்குதுங்க. அவனுக்குக் குடுத்ததும் இதுதானுங்க. உங்க பண்ணையில வெளஞ்சது. மாட்டுக்குப் போட்டு மிஞ்சிப்போச்சுன்னு உங்க காரியக்காரருதான் வாராவாரம் கொண்டாந்து போட்டுட்டுப் போறாருங்க."

அழகிரிசாமி தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் அந்தத் தலைப்பாகையை மாட்டி வைக்கச் சுவரில் ஒரு முளைக்குச்சி அடித்திருக்கிறார். தலைப்பாகைக்கு அந்தக் குச்சியே போதும். தலையை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.