டயர் மேல் உட்கார்ந்த கண்டக்டர்

செஞ்சியில் நெருப்பே பார்த்துப் பயந்து நின்ற ஒரே மனிதர் எங்கள் தெரு 'ரெண்டு விசில்'தான். தீயணைப்பு வண்டிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு விசிலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், ரெண்டு அடித்தால் போகலாம். இந்தச் சட்டம் தெருவுக்கும் பொருந்தும் என்று அவர் தானாகவே முடிவு செய்துகொண்டார்.

ஒரு மார்கழியில் டிவியில் போகிப் புகையைப் பற்றி ஏதோ பார்த்தார். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. போகிக்குப் பாய், ஓலை, விளக்குமாறு எரிக்கலாம். பிளாஸ்டிக், தெர்மாகோல், டயர் கூடவே கூடாது. கிறிஸ்துமஸுக்கு பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் பிளாஸ்டிக் ஸ்டார் கட்டியபோது ஏணிக்குக் கீழே போய் நின்று ஒரு விசில் அடித்தார்.

"இன்னா டீச்சர், புதுசா?"

"இல்லீங்க, இது கல்யாணத்துல இருந்து இருக்குது. வருஷா வருஷம் இதான்."

யோசித்தார். தூக்கி எறியாத பொருள். ரெண்டு விசில் அடித்துவிட்டு நகர்ந்தார்.

போகியன்று விடியற்காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குப்பையைக் குச்சியால் கிளறி செக்கிங் நடக்கும். ரெண்டு விசில் கேட்டால்தான் தீக்குச்சி உரசலாம். முதல் வருடம் தெருவுக்கே முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று தன் வீட்டில் ஆரம்பித்தார். பரணிலிருந்து பாய்களை இழுத்துப் போட்டார். கிழிந்து நார்நாராகத் தொங்கியது பிளாஸ்டிக் பாய். அதை எரிக்கக் கூடாது என்று பத்திரமாக உள்ளே கொண்டுபோய் வைத்தார். மகளின் வளைகாப்புக்காக வாங்கி வைத்திருந்த கோரைப் பாயை நெருப்பில் போட்டார்.

"புதுசு எரியுது, கிழிஞ்சது ஊட்டுக்குள்ள இருக்குது. இதான் உன் போகியா?" என்று அவர் மனைவி கத்தியது கோட்டை மலை வரைக்கும் கேட்டிருக்கும். அதற்கும் அவர் ஒரு விசில் அடித்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அவர் ஜெயிக்கவேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஆசை இருந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு வீசிங். போகி வந்தாலே அவளைத் தூக்கிக்கொண்டு சிங்கவரத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு ஓடுவோம். போன வருடம் புகை அங்கேயும் வந்துவிட்டது. பொங்கலை ஆஸ்பத்திரியில், முகத்தில் மாஸ்க்கோடு கழித்தாள். பயத்தில் என் கையை விடவேயில்லை.

இந்த வருடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "நைனா, நான் எங்கயும் வரமாட்டேன். எல்லாரும் மேளம் அடிக்கிறாங்க. நானும் அடிக்கணும்."

மேளம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் தெருமுனை பஞ்சர் கடைப் பையன்கள் போகிக்கென்று லாரி டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அது மெயின் ரோடு, விசில் சட்டம் செல்லாது என்பது அவர்கள் வாதம்.

போகியன்று இருட்டோடு எழுந்து ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், டயர் அடுக்கின் உச்சியில் துண்டால் காதைக் கட்டிக்கொண்டு கண்டக்டர் உட்கார்ந்திருக்கிறார்.

"எறங்கு பெருசு, நேரமாவுது!"

"டெர்மினஸ் வந்தா எறங்குறேன்."

"மண்ணெண்ணெய் ஊத்திடுவோம், ஆமா!"

"ஊத்துப்பா. நான் காட்டன் வேட்டி. தாராளமா எரிக்கலாம்."

பையன்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கெஞ்சினார்கள், திட்டினார்கள், ஒருவன் காலைப் பிடித்து இழுத்தும் பார்த்தான். மனிதர் அசையவில்லை. பொழுது விடிந்துவிட்டது. விடிந்த பிறகு எவன் போகி கொளுத்துவான்? அவர்களே டீ வாங்கிவந்து நீட்டினார்கள். பேப்பர் கப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதுக்குள்ள பிளாஸ்டிக் ஒட்டியிருக்குது. கிளாஸ்ல கொண்டாடா" என்று திருப்பி அனுப்பினார்.

கால் மரத்துப்போய் அவரால் இறங்க முடியவில்லை. நான்தான் தாங்கி இறக்கினேன்.

"ஏன் கண்டக்டரே, இந்தப் பனியில உங்களுக்கு இது தேவையா?"

எரிந்து விழுந்தார். "உன் பொண்ணு இருமுறது என் செவுத்துக்கு இந்தாண்ட கேக்குது தம்பி. போன வருஷம் ஆஸ்பத்திரியில இருந்து தூக்கினு வந்தியே, பாத்துனுதான இருந்தேன். நான் எப்படி ஊட்ல படுத்துனு இருக்கிறது?"

எனக்கு அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டால் அதற்கும் விசில் அடிப்பார் என்று விட்டுவிட்டேன். வீட்டு வாசலில் பாப்பா மேளத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலன்று அவருக்குத் தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. சாமிக்குப் படைத்ததும் என் மனைவி முதல் கரண்டிப் பொங்கலை அவருக்குத்தான் எடுத்து வைத்தாள். சூடு ஆறட்டும் என்று நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல், பாப்பா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு இருமல்கூட இல்லாமல் அவர் வீட்டுக்கு ஓடினாள்.