மாமாவுக்கு வாங்கிக் கொடுத்த கோப்பி

மாப்பிள்ளை என்ற பதவிக்கு நேர்முகத் தேர்வு உண்டு, பயிற்சிதான் கிடையாது. லைசென்ஸ் எடுக்காதவனை லாரியில் ஏற்றி உட்கார வைப்பதுபோல, ஒருநாள் மாலையைப் போட்டு மணையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அதன்பிறகு எங்கே போய் இடிக்கிறோம் என்பது அவரவர் ராசி. நான் ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் போய் இடித்தேன்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. ஈப்போவிலேயே சிலிபின் பகுதிக்குப் பெண் பார்க்கப் போன அன்று எல்லாருக்கும் கோப்பி வந்தது. எனக்கு கேஸ்ட்ரிக். கோப்பி உள்ளே போனால் தொண்டைவரை எரியும். முதல் நாளே வயிற்று வியாதியைச் சொன்னால் பெண் கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று பயந்து, "பரவாயில்லைங்க, எனக்கு வேணாம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். (பெரிய ராஜதந்திரி என்று நினைப்பு.) ஆறிப்போன அந்தக் கோப்பியை மாமனார் தன் கையாலேயே உள்ளே எடுத்துப் போனார். பெண்ணைக் கொடுத்தார். ஆனால் கல்யாணமாகி மாதங்கள் ஓடிய பிறகும் "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிடுங்க மாப்பிள்ளை", "போய்ட்டு வாங்க மாப்பிள்ளை" என்பதைத் தாண்டி அவர் என்னிடம் பேசியதில்லை.

"எங்க வீட்டுல கோப்பிய வேணாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்லா," என்றாள் என் மனைவி சுமதி. "அப்பா யாரு என்னா கொடுத்தாலும் வேணாம்னு சொல்ல மாட்டாரு. கொடுக்குறவங்க மனசு கஷ்டப்படும்னு ஒரு வாயாச்சும் குடிப்பாரு."

அவள் சொன்னதை நான் காதில் வாங்கினேன். மூளையில் வாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குப் படி ஏறினால் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. இதயத்தின் எந்தப் பக்கத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷனா மாத்திரையா என்று முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். காத்துக் காத்து ஒரு தேதி கிடைத்தது. கூடப் போக வேண்டிய சுமதிக்கு அன்றைக்கென்று பள்ளிக்கூடத்தில் தேர்வு வேலை வந்துவிட்டது. நான் லீவு போட்டேன்.

"அப்பாவுக்கு எல்லாம் தெரியும். நீங்க கார மட்டும் ஓட்டுங்க, போதும்," என்றாள் சுமதி.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன ஆகச் சிறந்த அறிவுரை அது.

வழியெல்லாம் மாமா நெற்றிப் பொட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சள் பலகையில் கதிர்வீச்சு அடையாளம் போட்டிருந்த கதவைப் பார்த்ததும் எனக்கே கால் கொஞ்சம் தயங்கியது. உள்ளே அவர் கையில் ஊசிக் குழாயைக் குத்திப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, முந்தைய ஆள் முடியட்டும், வெளியே இருங்கள் என்றார்கள். சுவரோரம் உட்கார்ந்தோம். மாமா தன் செருப்பைப் பார்த்தார். நானும் அவர் செருப்பைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. கோப்பியால் வந்த பகையைக் கோப்பியாலேயே தீர்த்தால் என்ன?

கீழே கேண்டீனுக்குப் போய்ச் சூடாக, பால் சேர்க்காத கோப்பி ஓ ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் பாக்கெட்டில் ஊற்றி, ஸ்ட்ரா சொருகி, கயிற்றால் கட்டிக் கொடுத்தார்கள். சும்மா இருக்காமல் ஒரு சாக்லேட்டும் வாங்கிக்கொண்டேன்.

மாமா பாக்கெட்டைப் பார்த்தார். மஞ்சள் பலகை மாட்டிய கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை எனக்கா வாங்கிட்டு வந்தீங்க?"

"ஆமா மாமா. ஆறிப்போறதுக்குள்ள குடிங்க."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஒரு வாயோடு நிறுத்தியிருக்கலாம். நான் எதிரே நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார். சாக்லேட்டை நீட்டினேன். பெருமூச்சு விட்டு அதையும் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் நெற்றி தெளிந்தது, பேச்சு வந்தது. சிலிம் ரிவர் பக்கம் லாரி ஓட்டியபோது குறுக்கே படுத்த மாட்டைக் கிளப்ப முடியாமல் அரை நாள் நின்ற கதையைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மனத்துக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. தமிழ் சிஸ்டர் ஒருவர் வந்தார். "அங்கிள், நேத்துலேர்ந்து கோப்பி, தேத்தண்ணி, மைலோ, சாக்லேட், கோலா ஒன்னும் எடுக்கலதானே?"

"நேத்து ஒன்னும் எடுக்கலம்மா," என்றார் மாமா. பொய் சொல்லவில்லை.

"இன்னிக்கு?"

மாமா மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். குப்பைத் தொட்டி தேடி எழுந்திருந்த என் விரலில் காலி பாக்கெட் தொங்கியது.

"அண்ணே, கையில என்னா அது?"

நான் பதில் தேடுவதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நாந்தாம்மா வாங்கியாரச் சொன்னேன். தல வலிச்சுச்சு. மாப்பிள்ளைக்கு ஒன்னும் தெரியாது."

(எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் அதில் உண்மை.)

சிஸ்டர் கோபப்படவில்லை, அலுத்துக்கொண்டார். "அங்கிளுக்கு முட்டி வலி, ஓட முடியாது. அதான் மருந்து ஏத்தி இதயத்துக்கு வேல கொடுத்துப் படம் எடுக்குறோம். கோப்பி குடிச்சா அந்த மருந்து புடிக்காது. படம் நல்லா இருக்குற மாதிரி காட்டிடும். இன்னிக்கு தாக் போலே, முடியவே முடியாது, வேற தேதிதான். உள்ள ரெடி பண்ணி வச்சிருக்குற அணு மருந்தும் நாளைக்கு ஒதவாது, வீரியம் போயிரும்." பிறகு என் தலைக்குப் பின்னால் விரலை நீட்டினார். கோப்பிக் கோப்பையின் மேல் சிவப்பாகக் குறுக்குக் கோடு போட்ட பெரிய அறிவிப்பு. அவ்வளவு நேரமும் அதில் தலை சாய்த்துத்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன். "குடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும் ஏன் மாமா குடிச்சீங்க?"

"மொத தடவையா ஒங்க கையால கொடுத்தீங்க மாப்பிள்ளை. ஆசையா கொடுத்தத வேணாம்னு சொன்னா மனசு என்னா பாடு படும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டில் அத்தை திட்டவில்லை. "நேத்தெல்லாம் கோப்பி டின்ன அலமாரியில வச்சுப் பூட்டினேன். பூட்ட வேண்டியது ஒங்களத்தான்னு தோணாமப் போச்சு மாப்பிள்ளை," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தேதி வரும்வரை எனக்கு நிம்மதியில்லை. சுமதியின் போன் அடித்தால் என் நெஞ்சு இறுகும். அதற்குள் மாமாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அது என் கோப்பியின் கணக்கில்தான் சேரும். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறை சுமதியே உள்ளே போனாள். எனக்குக் கார் நிறுத்துமிடத்தைத் தாண்ட அனுமதி இல்லை. அடுத்த வாரமே முடிவு வந்தது: ஓரிடத்தில் ரத்தம் கொஞ்சம் குறைவு, ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும். அதைக் கேட்டபோது சுமதியைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

ஆனால் என் தலையெழுத்து ஸ்கேன் முடிந்த அன்றே எழுதப்பட்டுவிட்டது. காரை நோக்கி மாமா இரண்டு பாக்கெட் கோப்பி ஓவோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இப்ப குடிக்கலாம் மாப்பிள்ளை. சிஸ்டர்கிட்ட கேட்டுட்டேன்."

கேஸ்ட்ரிக் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. இரண்டு கைகளாலும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மாமா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் எப்போது சிலிபினுக்குப் போனாலும் பெரிய கோப்பையில் கோப்பி ஓ வருகிறது. காரிலேயே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைகிறேன். மாமா இப்போது படி ஏறுகிறார், லாரிக் கதை சொல்கிறார். யார் வீட்டு விசேஷத்திலாவது நான் யாருக்காவது தண்ணீர் கொடுத்தால்கூட, "சிஸ்டர்கிட்ட கேட்டாச்சா?" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும்.

போன மாதம் எரிச்சல் தாங்காமல் டாக்டரிடம் போனேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டுமாம். வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம். அன்றைக்கும் சுமதிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை.

"அதுக்கென்னா, நான் கூட வாரேன்," என்றார் மாமா. "வெறும் வயிறா வேற இருப்பீங்க, பாவம். கீழ கோப்பி வாங்கித் தாரேன்."

வேணாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க மாமா" என்றுதான் வந்தது.