பிரதீபாவின் கலியாணக் கசெற்

மல்வேர்ன், ரொறன்ரோ
6.10.1996

மதிப்பிற்குரிய பெரியண்ணைக்கு,

தம்பி நீக்கிலாஸ் எழுதுவது. இங்கே யோகராணியும் நானும் தடிமனைத் தவிர மற்றபடி சுகம். உங்கள் சுகத்துக்கும் அண்ணியின் முழங்காலுக்கும் தினமும் மன்றாடுகிறோம்.

நிற்க. நம் செலீன் அக்காவுக்கு அகதி வழக்கு முடியாததால், பெற்ற மகள் பிரதீபாவின் கலியாணத்துக்கே இங்கிலாந்துக்குப் போக முடியாமற் போனது நீங்கள் அறிந்ததே. என்னை நம்பித்தான் வீடியோக் கமெராவைத் தந்துவிட்டார். நானும் மோதிரம் மாற்றுவதை எடுக்கத்தான் நின்றேன். ஆனால் அந்த வெள்ளைக்கார மாப்பிள்ளையின் கிராமத்துக் கோவிலில், வெளியே செம்மறி மேய, உள்ளே இத்தாலிக்காரன் செய்த வேலை இருக்குமென்று யார் கண்டது? ஆறு வருடமாக ரொறன்ரோவில் இத்தாலிக்காரனிடம் மாபிள் பதிக்கிறவன் நான். தங்கம் பூசிய கண்ணாடித் துண்டுகளால் சுவர், ஊசி நுழையாத மாபிள் பொருத்து, கூரை முழுக்கச் சிறகு விரித்த சம்மனசுகள். கொஞ்சம் மேலே பார்ப்போமென்று கமெராவை உயர்த்தினேன். இறக்கும்போது எல்லோரும் கேக் வெட்டப் போய்விட்டார்கள்.

நேற்று அக்கா வீட்டில் இருபது பேர். கலியாணப் பொம்பிளையின் நகையைப் பார்க்கவென்றே வந்த பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி அன்ரி முன்வரிசையில். ரீவியில் நாற்பது நிமிடம் சுவர். ஒருதரம் பொம்பிளையின் முழங்கை வந்து போனது.

"கமெரா பழுது, அக்கா. தன்ரை பாட்டுக்குக் கூரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகுது," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, திரையில் ஒரு சம்மனசின் கால் மட்டும் தெரிய, பிரதீபாவின் குரல் "ஐ வில்" என்று மணி மாதிரிக் கேட்டது. அக்கா திருப்பிப் போடச் சொன்னார். ஏழு தரம் போட்டோம்.

"என்ரை பிள்ளை நடுங்காமல் சொல்லுறாள்," என்று அழுதார். பிறகு, கமெரா பழுதென்றால் தம்பி என்ன செய்வான் என்று இராஜேஸ்வரி அன்ரியை அடக்கி, எனக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டார். போன உயிர் திரும்பி வந்தது, அண்ணை. அக்கா ரெலிபோனில் கேட்டால் கமெரா பழுதுதான் என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்வாராக.

அன்புத் தம்பி,
நீக்கிலாஸ்

பி.கு.: உறையை ஒட்டாமல் மூன்று நாள் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா எடுத்த கசெற் தபாலில் வந்து, அக்கா அதை இங்கத்தைய ரீவியில் ஓடும்படி கடையில் மாற்றுவித்துப் பார்த்துவிட்டார். மோதிரம், நகை எல்லாம் தெளிவாம். பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பின்னால், தொடக்கம் முதல் முடிவுவரை, வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் படம்பிடிக்கும் நானும் தெளிவாம். "உன்ரை வாய் ஒருக்காலும் மூடேல்லையடா," என்று ரெலிபோனில் சொல்லி முடிக்கமுன் அக்காவுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. இராஜேஸ்வரி அன்ரி அந்தக் கசெற்றில் நாலு கொப்பி கேட்டிருக்கிறாராம். நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.