விழுந்த புளியமரத்தின் மேல் ஒரு குடிமகள்

பட்டம் வாங்கிய முதல் வருடத்தில் யார் கையிலும் மைக்கைக் கொடுக்கக் கூடாது. அதுவும் அரசியல் அறிவியலில் பட்டம் என்றால், மைக் கட்டிய தெருப்பக்கமே விடக் கூடாது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் குடிமையியல் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். வடக்கனந்தலில் அப்பாவுடன் பஸ் ஏறினேன். (கண்டக்டர் விசில் அடித்தாலே அப்பாவுக்கு நெஞ்சு படபடக்கும்.) பாதி வழியில் பஸ் நின்றது. ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதன் மேல் ஒரு மைக் கட்டியிருந்தது. சுற்றிலும் கூட்டம், பெரும்பாலும் பெண்கள்.

"எறங்காத. தலைய வெளிய நீட்டாத" என்றார் அப்பா.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. 'மக்கள் இயக்கம்' என்று நான் பரீட்சைக்கு உருப்போட்டது, கண்ணெதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. இறங்கிவிட்டேன்.

"எதுக்குங்க மரத்த வெட்டுனீங்க?" என்று முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டேன். முனியம்மா என்று பெயர்.

"எம்பொண்ணு நல்லா படிக்குது. காலேஜில சீட்டு கெடைக்கல. அதான் கேக்கறோம்."

"மனு குடுக்கலாமே?"

"குடுத்துக்கினேதான் இருக்கோம்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ தெரிஞ்சிக்கினு கீழ இன்னா பண்ற? ஏறி மைக்ல சொல்லு."

பஸ்ஸுக்கு வழி விடுங்கள் என்று சொல்லத்தான் மரத்தில் ஏறினேன், சத்தியமாக. "படித்தவர்கள் பொது வாழ்வுக்கு வர வேண்டும்" என்று ஆரம்பித்தேன். கை தட்டினார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது. "கல்வி சலுகையல்ல, உரிமை!" என்றேன். விசில் பறந்தது. அதற்குமேல் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. "கோரிக்கை நிறைவேறாமல் நகர மாட்டோம்" என்று முழங்கியதாக அப்பா கடைசிவரை சாதித்தார்.

போலீஸ் வேன் வந்தது.

"சார், நான் பஸ்ல வந்தவ. இன்டர்வியூக்குப் போறேன்."

"நகர மாட்டோம்னு நீதானம்மா கத்திக்கினு இருந்த?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முனியம்மா உதவிக்கு ஓடி வந்தார். "அவங்கள தொடாதீங்க சார். எங்க தலைவிங்க அவங்க!"

அதோடு முடிந்தது என் கதை.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களை அடைத்தார்கள். நேர்காணல் நடந்த பள்ளி பின் தெருவில்தான். மணமேடையில் உட்கார்ந்து அழுதேன். முனியம்மா தக்காளி சாதப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "அழாத. காலேஜில சேக்க யாரப் பாக்கணும், இன்னா கேக்கணும், அதச் சொல்லு" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். மற்ற பெண்களும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல் என்று கேள்விகள் வந்தன. பாதிக்கு எனக்கே பதில் தெரியவில்லை. நானும் கேட்டேன்: உங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது யார், ஏன் நின்றார்கள்? மரத்தின் மேல் பேசியதைவிட அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதே ஜாஸ்தி. சாயங்காலம் வெளியே விட்டபோது எழுந்து வர மனசில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். "குடிமையியலை நீங்க செய்முறையாவே நடத்துவீங்க போலிருக்கே. எங்களுக்குப் புத்தகத்துல இருக்கறது போதும்மா" என்று தாளாளர் கும்பிட்டு அனுப்பினார். வேறு ஊரில் வேலை கிடைக்க ஒரு வருடம் ஆனது.

பிறகு என் கல்யாணம். காலேஜில் சேர்ந்துவிட்ட மகளோடு முனியம்மா வந்து, "எங்க தலைவி எங்க?" என்று வாசலிலேயே குரல் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் உறைந்து போனார்கள். மாமியார் மட்டும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், "எம்மருமவ ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவ" என்றுதான் அறிமுகம்.

"ஜெயில் இல்லத்த, கல்யாண மண்டபம்" என்று திருத்துவேன்.

"ரெண்டுத்துக்கும் இன்னாடி வித்தியாசம்? ஜெயில்லயாச்சும் என்னைக்கி வுடுவாங்கன்னு சொல்லுவாங்க."