கோட்டைச் சுவரில் பூசணிக்காய்

மெல்பேர்ணின் ஓரத்தில், த பேசின் என்ற மலையடிவார ஊரிலிருந்து ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். இரண்டு கைகளும் முழங்கைவரை சிவப்பு. எதிரே வந்த கார்கள் வேகம் குறைத்து என்னைப் பார்த்தன. பிறகு இன்னும் வேகமாகப் போயின. (நானாக இருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன்.)

அது தொண்ணூறுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்போடு கப்பலேறியவன், ஊரூராய் அலைந்து, மெல்பேர்ணில் நண்பன் யோகனின் கராஜில் படுத்திருந்தேன். "இந்த வேலையும் போச்செண்டா வேற கராஜ் பார்" என்று சொல்லித்தான் அவன் என்னை ஹிகா அன்ரியிடம் சேர்த்துவிட்டான்.

அன்ரி ஒகினாவாத் தீவுக்காரர். தன் ஊரிலே குன்றின்மேல் இடிந்து கிடக்கும் கோட்டையைப்போல வீட்டு வாசலில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சுவர் வேண்டுமென்றார். மூலை இருக்கக்கூடாது, வளைந்து வளைந்து போகவேண்டும். தேநீர் நேரங்களில் கதை சொல்வார். அந்தத் தீவுகளை ஆண்ட ரியூக்யூ அரசனோடு மோதிய பிரபு தோற்றானாம், கோட்டை பாழானதாம், கடலைத் தடுக்க ஊர்ச்சனம் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனதாம். பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தோடு அடியும் சேர்ந்து வரும். இங்கே பிஸ்கட் வந்தது.

சுவர் முடிந்த அன்று மனம் நிறைந்து போனது. இவ்வளவு வடிவான சுவரைக் கண்ணூறு கழிக்காமல் விடலாமா? பூசணிக்காயைக் குடைந்து, குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, மூன்று முறை சுற்றி, சுவரடியில் போட்டு உடைத்தேன். சுண்ணாம்புக்கல் அதை ஆசையாகக் குடித்தது. குழாயைத் திறந்து கழுவினேன். கறை இரண்டு மடங்கானது.

அன்ரி கதவைத் திறந்தார்.

"யாருக்கு அடிபட்டது?"

"ஒருவருக்கும் இல்லை."

"அப்போ இந்த ரத்தம்?"

"பூசணிக்காய்."

என் ஆங்கிலத்தில் அதற்குமேல் விளக்க முடியவில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் மண்வெட்டியைக்கூட எடுக்காமல் நடந்துவிட்டேன்.

"ஆற்ற கண்ணூறடா கழிச்சனி?" என்றான் யோகன், கராஜில் நான் நடந்ததைச் சொன்னதும். "அந்த றோட்டில கங்காருவைத் தவிர ஆர் பாக்கிறது?"

நான் துணிகளைப் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. யோகன் நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு நின்றான்.

"நீ ஏன் உடைச்சனி எண்டு அன்ரி கேட்டா. சொன்னன். விழுந்து விழுந்து சிரிக்கிறா. அவையின்ர ஊரில கெட்டது அண்டாமல் மண்சிங்கம் வைக்கிறவையாம். நாளைக்கு வரட்டாம்."

அன்ரி கொண்டுவந்து வைத்த அந்தச் சிங்கம் இன்றைக்கும் கறைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தெருவால் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் என் பிள்ளைகள், "அப்பா கொலை செய்த வீடு" என்று கைகாட்டுவார்கள். எனக்கோ, கும்பிடத் தோன்றும்.

அந்தத் தொலைபேசி வந்த மறுநாள் காலை அன்ரி என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். அங்கே புதிதாகக் கல் இறங்கியிருந்தது.

"இங்கேயும் ஒரு சுவர். நீதான் கட்டவேண்டும்."

"பூசணிக்காய்?"

"அதை என்னிடம் கொடு," என்றார். "நான் சமைக்கிறேன்."